யாருடைய திண்ணை?

"மாட வீதி முன்ன மாதிரி இல்லை" என்று சொல்லாத திருவண்ணாமலைக்காரரைப் பார்ப்பது கடினம். தேரடி வீதி, திருவூடல் தெரு, பே கோபுரத் தெரு, பெரிய தெரு என்று அருணாசலேஸ்வரர் கோயிலைச் சுற்றி வரும் நான்கு தெருக்களிலும் ஓட்டு வீடுகள் போய் மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. மரத்தூண் நின்ற இடத்தில் இரும்பு ஷட்டர். அதற்கு மேலே முகப்பு முழுவதையும் மூடிக்கொண்டு ஜவுளிக்கடையின், லாட்ஜின், அடகுக்கடையின் பெயர்ப்பலகை. வருத்தப்படுகிறவர்கள் முதலில் சொல்வது திண்ணையைத்தான். "எங்க தாத்தா காலத்துல தீபத்துக்கு வர்றவங்க பத்துப் பேரு எங்க திண்ணையில படுப்பாங்க" என்பார்கள்.

இந்த வருத்தத்தை நான் பெரும்பாலும் ஆண்களிடமிருந்தே கேட்டிருக்கிறேன். அதே வீடுகளில் வாழ்ந்து வயதான பெண்களிடம் திண்ணையைப் பற்றிக் கேட்டால் பேச்சு வேறு திசையில் போகிறது. "நல்லதாப் போச்சும்மா. தினம் அதக் கழுவுறது யாரு?" என்றார் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர். இன்னொருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் அதுல உட்கார்ந்ததே இல்லையே" என்றார். ஒரே வீட்டு முகப்பைப் பற்றி ஊரின் பாதி ஒரு கதை சொல்கிறது, மறு பாதி அதைக் கழுவிய கதையைச் சொல்கிறது. பழைய தெருக்களின் அழகைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இரண்டாவது கதை வருவதில்லை.

முதலில் அந்த முகப்பு எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். இளைய மாணவிகள் பலர் அதைத் திரைப்படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். தெரு மட்டத்திலிருந்து இடுப்பளவுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிலைவாசலுக்கு ஒரு பக்கம் பெரிய திண்ணை. ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அகலம், தலைமாட்டில் சாய்ந்துகொள்ள ஒரு திண்டு. மறுபக்கம் உட்கார மட்டுமே இடமுள்ள ஒட்டுத்திண்ணை. மேலே ஓடு வேய்ந்த தாழ்வாரத்தைத் தாங்கும் மரத்தூண்கள். சுவரில் விளக்கு வைக்க மாடக்குழி. சில வீடுகளில் திண்ணையைத் தெருவிலிருந்து பிரிக்க மரக்கிராதி. நிலைப்படியைத் தாண்டினால் ரேழி, அப்புறம் முற்றம், கூடம், அடுப்படி, கிணற்றடி. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சுவரைப் பகிர்ந்துகொண்டதால் தெரு முழுக்கத் தாழ்வாரம் தொடர்ந்து ஓடியது. வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர்கள் அதன் கீழே ஒதுங்கினார்கள். தேர் ஓடும் தெரு என்பதால் எதிரெதிர் வரிசைகளுக்கு நடுவே நல்ல அகலம் இருந்தது.

இந்த அமைப்பில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தெருவிலிருந்து உள்ளே போகப் போக ஆணின் இடம் குறைந்து பெண்ணின் இடம் கூடும். திண்ணை அந்த வரிசையின் ஒரு முனை, கிணற்றடி மறுமுனை. வரவு செலவுக் கணக்கு, பெண் பார்க்கும் பேச்சு, நிலத்தகராறு, ஊர்வம்பு எல்லாம் திண்ணையில் நடந்தன. வேலையற்ற பேச்சுக்குத் 'திண்ணைப் பேச்சு' என்று பெயர் வந்ததும் ஆண்கள் அங்கே பேசியதால்தான். பெண்கள் அதே வேலையைக் கிணற்றடியில் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

திண்ணையில் படிப்பும் நடந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற சொல்லே அந்த இடத்தைச் சுமந்து நிற்கிறது. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826-ல் தொகுத்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 பேர் படித்ததாகக் கணக்கு வந்தது. ஆங்கிலேயருக்கு முன்பே இங்கே பரவலான கல்வி இருந்தது என்பதற்குச் சான்றாக இந்த எண்ணைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவார்கள். அதைப் பிரித்துப் பாருங்கள்: ஆண்கள் 1,84,110, பெண்கள் 4,540. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மணலில் அகரம் எழுதிய குரல்கள் ரேழி வழியாக உள்ளே கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தவர்களுக்கு எந்தக் கணக்கிலும் வரிசை இல்லை.

சாதியையும் சொல்லாமல் போக முடியாது. வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த திண்ணை எல்லா வழிப்போக்கருக்கும் இடம் கொடுக்கவில்லை. கோயிலைச் சுற்றிய தெருவில் காலை வைப்பதற்கே வைக்கத்தில் 1924-ல் சத்தியாகிரகம் தேவைப்பட்டது. நாகம்மையும் கண்ணம்மாளும் அங்கே போய்த் தெருவில் நின்றார்கள். கோயில் நுழைவுக்குச் சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947 வரை காத்திருந்தது. 'பழைய தெருவின் விருந்தோம்பல்' என்று சொல்லும்போது யார் விருந்தாளி என்ற கேள்வி உடனே எழ வேண்டும்.

சென்ற ஆண்டு முதுகலை மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டில் மூத்த பெண் யாரோ, அவர் திண்ணையில் எப்போது உட்கார்ந்தார் என்று கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். பதில்களில் திரும்பத் திரும்ப வந்தவை சில. ஆண்கள் கடைக்கும் கழனிக்கும் போன பிற்பகலில். மின்சாரம் நின்ற கோடை இரவுகளில். சாமி ஊர்வலம் வந்தபோது. மாமியார் இறந்த பிறகு. ஒரு மாணவியின் பாட்டி, "தாத்தா செத்ததுக்கு அப்புறம்தான்" என்று சொல்லியிருந்தார். வெள்ளைச் சேலை கட்டிய பிறகு அவரை யாரும் உள்ளே போ என்று சொல்லவில்லையாம். அந்தத் தாளை வகுப்பில் வாசித்த மாணவி நடுவில் நிறுத்திவிட்டு, "அம்மா, பாட்டி அதச் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க" என்றாள்.

நம் இலக்கியத்திலும் பெண்ணைத் தெருமுகப்பில் நிறுத்த ஒரு தனி வகையே உண்டு. உலா. தலைவன் தெருவில் பவனி வருவான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். சேரமான் பெருமாளின் திருக்கயிலாய ஞான உலாவிலிருந்து ஒட்டக்கூத்தரின் மூவருலா வரை தெரு ஆணுடைய வழி, முகப்பு பெண் நின்று ஏங்கும் இடம். அவள் வெளியே வரக் காரணம் அவன் வருகை மட்டுமே. இந்த வகையைப் பாடம் நடத்தும்போதெல்லாம், பவனி கடந்து போன பிறகு அந்தத் தெரு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எந்தப் புலவரும் எழுதவில்லை.

ஆனால் இந்த ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாட்டு உலா இல்லை, திருவெம்பாவை. மாணிக்கவாசகர் அதைத் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. விடியுமுன் பெண்கள் கூட்டமாகத் தெருவில் வருகிறார்கள். தூங்குகிற தோழியின் வாசலில் நின்று அவளைக் கேலி செய்து எழுப்புகிறார்கள். உள்ளிருப்பவளும் வாயடிக்கிறாள். மூடிய கதவின் இரு புறமும் பெண்கள். தெருவில் ஆண் யாரும் இல்லை. பக்தியைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு தெருவின் காலைக் காட்சியாக மட்டும் படித்தால்கூட, அந்த ஒரு நாழிகை தெரு அவர்களுடையதாக இருந்தது என்று தெரியும்.

அந்த நாழிகை இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு மாட வீதியில் நடந்தால் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். நீர் தெளித்து, பெருக்கி, புள்ளி வைத்துக் கோலம் போடுவது வீட்டு முகப்பில் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்ட வேலை. அது சுவரில் இல்லை, தெருவில் இருக்கிறது, மதியத்துக்குள் வண்டிச் சக்கரமும் காலடியும் அழித்துவிடும், மறுநாள் மறுபடி. ஓட்டின் வகையையும் தூணின் மரத்தையும் குறித்துக்கொள்கிற பாரம்பரியக் கட்டடப் பட்டியல்களில் கோலத்துக்குக் கட்டம் கிடையாது. அண்மையில் மாட வீதியில் கான்கிரீட் சாலை போட்டபோது மழைநீர், தேர்ச்சக்கரம், சாலை மட்டம் எல்லாம் பேசப்பட்டன. சாணம் பிடிக்காத இந்தத் தரையில் மார்கழிப் பூசணிப்பூவை எப்படி நிறுத்துவது என்று என் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம்தான் கேட்டார். கோலத்தை நான் பெண்ணின் கலை என்று கொண்டாடிவிட்டுப் போகவும் மாட்டேன். அது காய்ச்சல் நாளிலும் விடாத கட்டாய வேலை. மாதவிலக்கு நாளில் தடுக்கப்படும் வேலையும்கூட. ஒரு வாசலில் கோலம் இல்லை என்றால் ஊர் என்னென்ன ஊகிக்கும் என்பது நமக்குத் தெரியும்.

இங்கேதான் திருவூடல் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் கோபத்தின் பெயரை வைத்திருக்கும் தெரு. தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, சுவாமியும் உண்ணாமுலை அம்மனும் மாட வீதி வருகிறார்கள். மாலையில் திருவூடல் தெருவில் இருவருக்கும் சண்டை. காரணம் பிருங்கி முனிவர். அம்மனை விட்டுவிட்டுச் சிவனை மட்டும் வணங்கியவர் அவர். அவருக்குக் காட்சி கொடுக்கச் சுவாமி கிளம்புகிறார். தன்னைக் கணக்கில் எடுக்காதவனுக்கு நீ ஏன் அருள வேண்டும் என்பது அவள் கேள்வி. சுந்தரர் இருவருக்கும் இடையே தூது போகிறார். பரவையின் கோபத்தைத் தணிக்க நள்ளிரவில் சிவனையே தூது அனுப்பிய அதே சுந்தரர். பலிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சுவாமி அன்றிரவு குமரக் கோயிலில் தங்கி, மறுநாள் கிரிவலம் போய்விட்டுத் திரும்பி வருகிறார். அப்புறம் மறுவூடல், சமாதானம்.

இதைப் பெண்ணுரிமைத் திருவிழா என்று நான் சொல்லவில்லை. சமாதானம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. அவர் தான் நினைத்ததைச் செய்துவிட்டுத்தான் வருகிறார். ஆனாலும் ஊரே திரண்டு நின்று பார்ப்பது ஒரு கதவு உள்ளிருந்து சாத்தப்படுவதை. உலாவில் தலைவன் கடந்து போவான், பெண் வாசலில் நிற்பாள். இங்கே தலைவன் வெளியே நிற்கிறான். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் பராசக்தி அம்மன் தேரைப் பெண்கள் மட்டுமே வடம்பிடித்து இழுக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்கள் அன்று தெருவின் நடுவில் இருப்பார்கள், முகப்புகளில் ஆண்கள் நின்று பார்ப்பார்கள்.

முகப்பில் நிரந்தரமாக இடம் பெற்ற பெண் ஒருத்தி உண்டு: கஜலட்சுமி. பழைய வீடுகளின் மேல்தளக் கைப்பிடிச் சுவரின் நடுவில் சுதை வேலையில் அமர்ந்திருப்பாள், இருபுறமும் யானைகள், கீழே வீடு கட்டிய ஆண்டு. சற்றுப் பின்னால் வந்த வீடுகளில் அவளுக்குப் பதில் எழுத்து வந்தது. 'சரஸ்வதி இல்லம்', 'அன்னபூரணி நிலையம்', 'ராஜம்மாள் பவனம்'. வீட்டுக்குப் பெண் பெயர், பட்டாவில் ஆண் பெயர். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்குரிமை வந்தது 1989-ல். அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களுக்குக் கிடையாது. திருமணத்தைப் பொருட்படுத்தாத உரிமை 2005-ன் மத்தியச் சட்டத்திருத்தத்தால் வந்தது.

மாட வீதி முகப்புகள் மாறியதற்குக் கிரிவலக் கூட்டமும் வணிகமும் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. தெருவில் நின்று பார்த்தாலே மற்றொன்று தெரியும்: ஒரே வீட்டின் முகப்பு நட்டநடுவில் பிளந்து நிற்கும். இடப்பாதியில் ஓடும் தூணும், வலப்பாதியில் மூன்று மாடிக் கண்ணாடி. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. திண்ணையை வாளால் அறுத்த மாதிரி வெட்டியிருப்பார்கள். அந்தப் பிரிவினையின் ஆவணங்களைத் தேடிப் போனால் கூடவே இன்னொரு பத்திரம் இருக்கும். சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டது. அதற்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். யாருக்கு விடுதலை என்று அந்தப் பெயரை வைத்தவரைக் கேட்க வேண்டும். பட்டுப்புடவையும் வருஷத்துக்கு ஒரு பொங்கல் சீரும் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டவர்கள்தான் இன்று அந்த வீட்டைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து, "இதுதான் நான் பொறந்த வீடு" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அவர்களும் "முன்ன மாதிரி இல்லை" என்று சொல்வதுண்டு. அந்த வாக்கியத்தின் பொருள் அவர்கள் வாயில் வேறு.

முகப்பைக் காப்பாற்ற முடியாது என்று சொல்பவர்களுக்குப் பதில் நூறு கிலோமீட்டர் சொச்ச தூரத்தில், புதுச்சேரியில் இருக்கிறது. அங்கே தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு இன்டாக் அமைப்பு வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. உடைந்த தாழ்வாரங்களும் திண்ணைகளும் மீண்டன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை, வரிசை முழுவதும் சேர்ந்தால்தான் தெரு என்ற பாடத்தை அது கற்றுக்கொடுத்தது. மதிக்கத்தக்க வேலை. நான் போன நாளில் தூண்கள் பளபளத்தன, திண்ணைகள் காலியாக இருந்தன. கல்யாணத்துக்கு முன்பான படப்பிடிப்புக்கு ஒரு ஜோடி வந்திருந்தது. மணப்பெண்ணைத் திண்ணையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அவளுடைய கொள்ளுப்பாட்டி அப்படிக் கால் மேல் கால் போட்டு அங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

திருவண்ணாமலை மக்களுக்குக் கட்டடங்களின் மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2002-ல் இந்தியத் தொல்லியல் துறை கோயிலைத் தன் பொறுப்பில் எடுத்தபோது ஊர் எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கோயில் அறநிலையத் துறையிடமே திரும்பியது. 2023-ல் 217 அடி ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்டும் வேலை தொடங்கியபோது கோபுரப் பார்வை மறையும் என்று எதிர்ப்பு எழுந்து உயர் நீதிமன்றத்தில் வழக்கானது. அதே ஆண்டு மார்ச்சில் வடக்குப் பக்கம் அம்மணி அம்மன் மடத்து இடத்தில் ஆக்கிரமிப்பை மீட்கப் போய், பழைய மடக் கட்டடத்தின் மேலும் இயந்திரம் ஏறியது என்று சர்ச்சை வந்தது.

அந்த அம்மணி அம்மாள் யார்? 171 அடி உயர வடக்குக் கோபுரம் அவர் பெயரில் நிற்கிறது. அரைகுறையாக நின்ற கோபுரத்தை முடிக்க வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார், மைசூர் அரண்மனை வரை போனார், கூலி கொடுக்கக் காசு தீர்ந்தபோது கொடுத்த விபூதி காசாக மாறியது என்று கதை சொல்கிறார்கள். எனக்கு விபூதியைவிட அந்த 'வீடு வீடாக' என்பதுதான் பெரிய அதிசயம். ஒரு தனிப்பெண் எத்தனை திண்ணைகளுக்குக் கீழே நின்றிருப்பார், மேலே உட்கார்ந்திருந்தவர்கள் என்னென்ன கேட்டிருப்பார்கள். கோபுரத்தைப் பேசும்போது ஊர் அவரை அம்மன் ஆக்கிவிட்டது. அவர் தங்கி வேலை செய்த இடம் ஆக்கிரமிப்பில் கிடந்தபோது இவ்வளவு பேர் பேசவில்லை.

வீட்டு முகப்புகளுக்காக இங்கே வழக்கு ஏதும் நடந்ததாக நான் அறியேன். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறிப் பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. 2024-ல் மாநகராட்சியாகிவிட்ட இந்த ஊரில் எஞ்சிய முகப்புகளை யாராவது கணக்கெடுக்க வந்தால், தூணோடும் ஓட்டோடும் சில கேள்விகளையும் படிவத்தில் சேர்க்கச் சொல்வேன். இந்த வாசலை யார் கழுவுகிறார்கள்? பத்திரத்தில் யார் பெயர்? இங்கே பெண் ஒருத்தி யாரும் கேள்வி கேட்காமல் எவ்வளவு நேரம் உட்காரலாம்?

கடைசிக் கேள்வி பௌர்ணமி இரவில் இன்னும் கூர்மையாகிறது. 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வரும் லட்சக்கணக்கானவர்களில் பெண்கள் ஏராளம். முன்பு அவர்களுக்குத் திண்ணை இருந்தது என்று சொல்ல ஆசை. குடும்பத்தோடு வந்தவர்களுக்கு, இன்னாருடைய ஆட்கள் என்று தெரிந்தவர்களுக்கு இருந்தது. இப்போது யாருக்குமே இல்லை. கடைகள் படிக்கட்டின் விளிம்பைச் சரிவாகக் கட்டியிருக்கின்றன, சில இடங்களில் உட்காராதபடி கம்பிமுனை வைத்திருக்கிறார்கள். ஷட்டர் இறங்கிய பிறகு அதன் முன்னே சாக்கு விரித்துப் பூ விற்கும் பெண்கள் மட்டும் அந்த முகப்புகளை இரவெல்லாம் பயன்படுத்துகிறார்கள். கடைக்காரர் வருமுன் எழுந்து, இடத்தைக் கூட்டிவிட்டு, சாக்கைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள்.

போன சித்திரை பௌர்ணமியில் பெரிய தெருவில் மிஞ்சியிருக்கும் ஒரு வீட்டைக் கடந்தபோது ஒட்டுத்திண்ணையில் மூன்று பெண்கள் கால் வீங்கி உட்கார்ந்திருந்தார்கள். சேலம் பக்கத்துக்காரர்கள். வீட்டு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒட்டுத்திண்ணையில் இடம் போதாது, பெரிய திண்ணைக்கு மாறி உட்காருங்கள் என்றார். அவர்கள் தயங்கினார்கள். "ஏறி உக்காருங்க, இந்த வீட்டுல இப்ப ஆம்பளைங்க யாரும் இல்ல, நான் மட்டும்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மகன் பெங்களூரிலிருந்து வந்து தை மாதம் திண்ணையை இடித்து இரண்டு கடை கட்டப் போகிறான், வாடகை தன் பேரில் வரும்படி எழுதிக்கொடு என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் சொல்லவில்லை என்றார்.